பாப்பாவின் வேண்டாம்

...எதைக் கேட்டாலும் சரி, எதைச் சொன்னாலும் சரி, இந்தப் பதினெட்டு வயதில் பாப்பா வாயிலிருந்து வேறு என்ன வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அம்மா சிக்கெடுத்தாள், சீப்பு மாட்டி இழுத்தபோதும் கண்ணாடியில் மகளின் முகம் சுளிக்கவில்லை, வலித்தால் சொல்லித் தொலையேன்டி... தங்கமான பிள்ளை, சொன்ன பேச்சைத் தட்டாது என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சியபோது அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை, இன்று டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் சிறப்புப் பள்ளி முடிகிறது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை தயாராக இருக்கிறது, போகிறாயா என்று பள்ளிக்கு வந்திருந்த மேற்பார்வையாளர் கேட்டதும் பாப்பா சரி என்றாள், அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது, டீச்சர் விட்டால்தானே, மழையில் நனைந்துகொண்டே நிற்கிறாயா என்றார், அதற்கும் சரி, யாரோ ஒருத்தர் கூட வா என்று கூப்பிட்டால் போய்விடுவாயா, சரி. மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "வேண்டாம்னு சொல்லத் தெரியாத பொண்ண எந்த தைரியத்துல வெளிய அனுப்புறதும்மா? மொதல்ல அதச் சொல்லிக் குடுங்க."

மத்தியானத்திலிருந்து அதே வேலைதான், காப்பியில் உப்புப் போடட்டுமா, சரி, முடியை ஒட்ட வெட்டிவிடட்டுமா, சரி, வேண்டாம் என்று சொல்லேன்டி என்று கெஞ்சினால் அதற்கும் சரி, சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா... சின்ன வயதில் காலைக் கடித்த ஷூவை உதறி எறிந்தாளே, அப்போது இருந்தது ஒரு வேண்டாம், அதட்டி மாட்டிவிட்டது யார்? பிடிவாதக்காரியை நாளைக்கு யார் வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம்தான், வேறென்ன. போகட்டும், வேலை இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும், இவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அம்மாவுக்குப் பின்னால் அக்காவைப் பார்த்துக்கொள்வதாகத் தலையாட்டியிருக்கிறான், அவனுக்கு வருகிறவள் எப்படியோ, ஆனால் எதற்கும் சரி என்கிற ஜீவனை யார் வெறுக்கப்போகிறார்கள்... பின்னலை முடித்து ரப்பர் பேண்டைப் போட்டாள். பயிற்சிக்காக இல்லை, தன் மனசு ஆறுவதற்காகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு அப்புறம் தம்பி வீட்டுல இருந்துக்கறியா பாப்பா?"

"வேண்டாம்."

கண்ணாடியில் பாப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை, மத்தியானமெல்லாம் ஊட்டிய சொல் இப்போதுதான் வாயில் வந்ததா, இல்லை அவளாகவே சொன்னாளா, சபாஷ் என்று தட்டிக்கொடுப்பதா, ஏன்டி என்று கேட்பதா, இன்னொரு தரம் கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் எந்தப் பதில் வந்தால் தேவலை என்று அம்மாவுக்கே தெரியவில்லை... நன்றாக விழுந்திருந்த பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து வாரத் தொடங்கினாள்.