சிவப்பு உறை

மாமனாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கேஸ் அடுப்பை மூடுவார், குழாயை மூடுவார், மருமகள் பாதி குடித்து வைத்த டம்ளரையும் மூடிவிட்டுத்தான் நகர்வார். புதிதாக விமானம் ஓட்டக் கற்றிருந்த அவள், முதன்முதலாக அவரை ஏற்றிக்கொண்ட அன்றும் அவர் கையும் வாயும் ஓயவில்லை. ஓடுதளத்தில் வேகமெடுக்கும் நேரம் பார்த்து, "இந்தப் பொத்தான் எதுக்கும்மா?" என்றார். அவள் பதில் சொல்லி நிமிர்வதற்குள் சக்கரம் தரையை விட்டிருந்தது.

அப்புறம்தான் அவள் முகம் மாறியது.

"வேகம் காட்டுற முள்ளு எழும்பவே இல்ல, மாமா."

"அதனால என்ன?"

"ரொம்ப மெதுவாப் போனா விழுந்துடுவோம். வேகமா இறங்கினா ஓடுதளம் பத்தாது."

அவள் கண்ணாடியைத் தட்டினாள். முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. எஞ்சினிலும் கோளாறோ என்று அவள் கண் எல்லா முள்ளிலும் தாவியது. மாமனார் எட்டி இறக்கையைப் பார்த்தார். இறக்கைக்கு அடியில் விரல் பருமனில், காற்றை வாங்கி வேகம் அளக்கும் ஒரு குழாய். அதன்மேல் இருந்த சிவப்புத் துணி உறையை அவள் காலையிலேயே கழற்றியிருந்தாள். உள்ளே தூசி புகுந்துவிடுமே என்று இவர்தான் எடுத்து மறுபடி மாட்டிவிட்டார். நாடாவை முடிச்சு வேறு போட்டிருந்தார்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிரே போகும், அதுவும் இரண்டு உயிர்.

"அந்தச் சிவப்பு உறை... நான்தாம்மா மாட்டினேன்."

அவள் திரும்பவில்லை. "அப்ப முள்ளு மட்டும்தான் பொய் சொல்லுது. எஞ்சின் நல்லா இருக்கு." பிறகு, "மாமா, கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதீங்க."

அவர் மனைவி பல வருஷமாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமலே விட்ட வார்த்தை. மாமனார் தன் வாயையும் மூடிக்கொண்டார்.

எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து, விமான மூக்கின் சாய்வைக் கண்ணால் அளந்து அவள் இறக்கினாள். விமானம் தரையில் மோதி, எகிறி, மறுபடி மோதி, ஓடுதளம் முடிகிற இடத்தில் ஒருவழியாக நின்றது.

கொட்டகை வாசலுக்கு ஓட்டி வந்து இறங்கி, அவள் முடிச்சை அவிழ்த்து உறையை உருவினாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

"மாட்டினது நீங்க. ஏறுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாக்காதது நான். எனக்கு இது சரிப்படாது, மாமா. இனிமே ஓட்ட மாட்டேன்."

மாமனாருக்கு வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் தட்டுத்தடுமாறி மறுபடி ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"நீ விமானத்தை நல்லா சுத்திப் பாத்துட்டு வந்து ஓட்டும்மா. நான் இறங்க மாட்டேன்."