மூன்றாவது மீறல்

நெடுஞ்சாலைக் கேமரா யாரையும் நிறுத்தி விசாரிப்பதில்லை. படம் பிடித்து வண்டியின் உரிமையாளருக்கு அனுப்பிவிடும். சரக்கு வேன் ஓட்டுநர்களுக்கு அது திங்கட்கிழமை அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் பட்டியலாக வந்து சேரும். எல்லோரும் கிண்டலாக ‘நிதானம்’ என்று கூப்பிடும் ஓட்டுநருக்குத் திங்கள் வரை இருப்புக்கொள்ளாது. இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியிருந்தார். மூன்றாவதும் வந்தால் ஆறு மாதம் உரிமம் முடக்கம். அதனால் சனிதோறும் போனில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிடுவார்.

இந்தச் சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே தட்டினார். தட்டை ஒதுக்கிவைத்தார். வியாழன், காலை ஆறு இருபது. வேகம் நூற்றேழு.

அந்த நேரத்தில் அவர் வேறொரு வேனில் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

பாதிவழியில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. எதிரெதிரே வரும் ஓட்டுநர்கள் அங்கே வண்டியை மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கிளம்பியவர் பெயர் எழுதிய பயணத்தாள் மட்டும் வண்டியோடு போகும். சரக்கு இறக்கும் கிடங்கு ஆட்களைத் தவிர அலுவலகத்துக்கு இந்தக் கூத்து தெரியாது, தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள். நிதானத்தோடு மாற்றிக்கொண்டவர் அவருடைய தங்கை கணவர், அதே நிறுவனத்தின் அடுத்த கிளையில் சேர்ந்து இரண்டே மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு மீறல் போதும், வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

“மாப்ளே, வியாழக்கிழமை என் வண்டிய ஏரோப்ளேன்னு நெனச்சிட்டீங்களா? கேமராவுல விழுந்திருக்கு.”

எதிர்முனையில் மாப்பிள்ளை அவசரமாக, “மச்சான், முகம் தெரியுதா?”

நிதானம் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியில் வெயில் பட்டு வெறும் வெள்ளையாக இருந்தது.

“தெரியல.”

“அப்பாடா!” என்ற மாப்பிள்ளை சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார் போலிருக்கிறது. “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு மணி நேரம் லேட்டு. ஏழு மணிக்கு சரக்கு இறங்கலன்னா கிடங்குல என்னைத்தான் கேப்பாங்க. நான் என்ன பண்றது?”

அது உண்மைதான். பங்குக்கு வரும் வழியில் ஓரங்கட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்த நிதானம் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டார்.

ஞாயிறு முழுக்க அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வாயை மூடிக்கொண்டால் தன் பிழைப்பு போகும். திறந்தால் தங்கை வீட்டு அடுப்பு அணையும். அந்த ‘அப்பாடா’ வேறு காதிலேயே நின்றது.

திங்கட்கிழமை அலுவலக அம்மா படிவத்தை நீட்டினார். “என்ன நிதானம், பேருக்குப் பங்கம் வந்துடுச்சே? ஓட்டுனவர் பேரெழுதி கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கினார். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். நூற்றேழில் போன வண்டி எதிலாவது மோதியிருந்தால் அப்போதும் இந்தப் பெயரைத்தான் எழுதுவோமா என்று தோன்றியது. எழுதியதை அடித்தார். மாப்பிள்ளை பெயரை எழுதினார். அதற்குப் பக்கத்தில் நெருக்கி நெருக்கி இன்னும் ஏதோ எழுதத் தொடங்கினார்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். ‘வண்டி மாற்றியது நான். ஒரு மணி நேரம் தூங்கித் தாமதமாக்கியதும் நான்.’

“ஐயோ, இதுக்கெல்லாம் இதுல கட்டமே இல்லையே!”

“பரவால்லம்மா, ஓரமா எழுதிக்கிறேன்.”

அவர் எழுதி முடித்ததும் அந்த அம்மா படிவத்தை வாங்கிக்கொண்டார். பிறகு வண்டிச் சாவிக்காகக் கையை நீட்டினார்.