அஞ்சம்மாளின் குஞ்சுகளும் பக்கத்து வீட்டு ராஜாவும்

சுனாமிக்கு மறு வருஷம், ஆடி வெள்ளி. வீராம்பட்டினத்தில் தேர். அஞ்சம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீனைச் சீக்கிரமே தள்ளிவிட்டு, நேராக வீராம்பட்டினத்துத் தாய்வீட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டாள். உழவர்கரையில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது.

கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துவைக்கும் கல்லோரம் அவளுடைய செவலைக்கோழி கழுத்து முறிந்து கிடந்தது. பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத குஞ்சுகள் விறகுக் குவியலுக்குள் ஒளிந்துகொண்டு கத்தின. பக்கத்து வீட்டு நாய் ராஜா, வாயோரம் இறகு ஒட்டியிருக்க, அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

அஞ்சம்மாள் போட்ட கூச்சலில் ராஜாவை வளர்க்கும் பாக்கியலட்சுமி தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்தாள். புருஷன் போனபிறகு அவளுக்கு வீட்டில் துணை அந்த நாய்தான்.

"இனிமே இது இங்க இருக்கக் கூடாது, ஆமா!" என்றாள் அஞ்சம்மாள்.

பாக்கியலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கே எங்க சித்தி ஊருல கொண்டுபோய் உட்டுர்றேங்க்கா." குஞ்சுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். "இதுங்கள நான் பாத்துக்கறேன். நீ காலையிலயே மார்க்கெட்டுக்குப் போயிடுவ."

மறுநாள் மதியம் அஞ்சம்மாள் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருவில் பாக்கியலட்சுமி ராஜாவைக் கயிற்றில் கட்டி ஆட்டோவுக்குக் காத்திருந்தாள். மீன் வாசனை எட்டியதும் ராஜா ஒரே இழுப்பாக இழுத்தது. பாக்கியலட்சுமி செருப்பு ஒருபக்கம், தான் ஒருபக்கமாகக் கயிற்றோடு கொல்லைக்குள் வந்து சேர்ந்தாள். ராஜா துவைக்கும் கல்லோரம் உட்கார்ந்து, அஞ்சம்மாள் கையையே பார்த்தது.

அங்கேதான் அவள் தினமும் மீன் தலையைப் போடுவாள். அதற்காகவே ராஜா தினமும் மதில் தாண்டி வரும். நேற்றும் வந்திருக்கிறது. அவள்தான் மதியம் வரவில்லை.

"அடிப் பாக்கியம், இத மதில் தாண்டப் பழக்குனதே நான்தாண்டி!"

"தெரியுங்க்கா."

"தெரிஞ்சும் ஏண்டி வாயத் தொறக்கல?"

"செத்தது உன் கோழி. அப்ப போய் உன்னயே எப்புடி கொற சொல்றது?"

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. அஞ்சம்மாள் எழுந்துபோய் ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

அந்த வாரமே அவள் தம்பி நாராயணசாமி வீராம்பட்டினத்திலிருந்து பழைய வலையொன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான். கொல்லையில் குஞ்சுகளுக்காக முருங்கை மரத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு, வலையை இரட்டையாகக் கட்டினார்கள். நாய் தோண்டாமலிருக்க அடிவிளிம்பை மண்ணில் புதைத்து, மேலே செங்கல்லை அடுக்கினார்கள். காக்காய்க்கும் பருந்துக்கும் மேலேயும் வலை விரித்தாயிற்று. கீரிக்குப் பயந்து, ராத்திரி அடைக்கத் தாழ்ப்பாள் போட்ட மரப்பெட்டி ஒன்று. மீன் தலை இனிமேல் பாக்கியலட்சுமி வாசலில்தான் என்று முடிவாயிற்று. வேலை முடியும்வரை ராஜா கட்டிய கயிற்றிலேயே கிடந்து ஊளையிட்டது.

வலை முடிந்ததும் பாக்கியலட்சுமி கூடையைக் கொண்டுவந்து உள்ளே கவிழ்த்தாள். அஞ்சம்மாள் நொய்யரிசியைத் தூவி, "பா பா பா" என்று கூப்பிட்டாள். ஒரு குஞ்சும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் பாக்கியலட்சுமியின் புடவைக் கரைக்கடியில் போய் ஒண்டிக்கொண்டன. அவள் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன.

"நல்லா இருக்குடி நாயம்! கோழி என்னுது, குஞ்சு உன்னுதா?"

"நான் இன்னாக்கா பண்றது? நகரக்கூட உட மாட்டேங்குதுங்க."

"அப்ப அங்கியே குந்து" என்றாள் அஞ்சம்மாள். "சோறு கொண்டாரேன், ரெண்டு பேரும் இங்கியே துன்னலாம்."