முதல் தர அத்திப்பழம்

மூன்றாவது வெங்காயத்தைப் பாதி உரித்ததும் பதூல் நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைப் பக்கம் காது கொடுத்தாள். மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. சரி, இருக்கிறார். கத்தியை மறுபடி எடுத்தாள்.

ஒன்பது நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் விழுங்காத அவள் புருஷன் தஹாமி, இன்று காலை கண்ணைத் திறந்து ஆட்டுக்கறி வேண்டும் என்றார். அத்திப்பழம் போட்டது, பாதாம் வறுத்துத் தூவியது. கடையில் நின்று பேசுகிற அதே தெளிவான குரல். அதோடு நிறுத்தியிருந்தால் பதூல் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"கடையிலேர்ந்து முதல் தரம் கொண்டுவரச் சொல்லு," என்றார்.

ஃபெஸ் நகரத்துப் பழைய சந்தையில் நாற்பது வருடமாக உலர்பழக் கடை வைத்திருப்பவர் தஹாமி. அந்த நாற்பது வருடத்தில் ஒரு முதல் தர அத்திப்பழம்கூட வீட்டு நிலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நசுங்கியது, வெடித்தது, மூட்டையின் அடியில் கிடந்து சப்பையானது, இவைதான் வீட்டுக்கு. பதூலின் அப்பா விருந்துக்கு வந்தபோதும் அப்படித்தான். "வயித்துக்குள்ள போனப்புறம் நசுங்குச்சா நிமுந்துச்சான்னு யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று மாமனார் முகத்துக்கு நேராகவே கேட்டவர்.

இப்போது கடையிலிருந்து வந்த முதல் தர மரப்பெட்டி சமையல் மேடையில் திறந்து கிடந்தது. தேன் நிறத்தில், கொழுத்து, ஒன்றுகூட நசுங்காமல் அடுக்கியிருந்த பழங்களைப் பார்க்கவே பதூலுக்குப் பயமாக இருந்தது.

பெட்டி வந்ததும் அவள் ஒரு சோதனை செய்து பார்த்தாள். கட்டிலருகே போய் நின்று, "என்னங்க, அத்திப்பழம் கால் கிலோ போடட்டுமா?" என்றாள்.

"போடு."

கடையையே கவிழ்க்கப் பார்க்கிறாயா என்று அவர் கத்தவேண்டிய இடம் அது.

"அரைக் கிலோ?"

"போடு."

"பாதாம் ஒரு கிலோ வறுக்கப் போறேன். முழுசா ஒரு கிலோ!"

கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "உனக்கு எவ்வளவு வேணுமோ போட்டுக்க, பதூல்."

கொத்தமல்லிக் கட்டு வாங்கவே கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர். பதூல் சமையலறைக்குத் திரும்பினாள்.

இந்தப் பசியை அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். பல நாள் படுத்தவர் திடீரென்று எழுந்து இன்னது வேண்டும் என்பார், சாப்பிடுவார், போய்விடுவார். பதூலின் அப்பா பால் கேட்டார். குடித்து, வாயைத் துடைத்து, துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று காலை எதிர்வீட்டு மன்னானா வாசலில் நின்று விசாரித்தாள்.

"கறி கேட்டாராமே? சாப்பிட்டாரா?"

"இன்னும் ஆக்கலையே."

"அப்பச் சரி," என்று போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு முற்றத்தில் அண்டா தேய்க்கும் சத்தம் ஆரம்பித்தது. சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பெரிக்க மாட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அக்கம்பக்கத்து அடுப்புதான் சோறு போடும். மன்னானா முன்யோசனைக்காரி.

வியாபாரி பெண்டாட்டி பதூலுக்கும் கணக்குப் போடத் தெரியும். சாப்பிட்ட பிறகுதான் போவார் என்றால், சாப்பிடாதவர் எப்படிப் போக முடியும்? ஆக்காத கறியை யார் சாப்பிட முடியும்? எல்லாவற்றையும் எடுத்து வைக்காமல் பதூல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

எடுத்து வைத்தாள். வெங்காயத்தை நூல் நூலாக அரிந்து ஒரு கிண்ணத்தில். இஞ்சிப் பொடி ஒன்றில், மிளகு ஒன்றில். குங்குமப்பூவை இழை இழையாகப் பிரித்துத் தண்ணீரில் போட்டாள். ஊறிய பாதாமை ஒவ்வொன்றாகத் தோலுரித்தாள். கறியைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். அத்திப்பழக் காம்புகளைக் கத்தரியால் வெட்டினாள். சின்னது ஓரத்தில், பெரியது நடுவில் என்று கிண்ணங்களை வரிசைப்படுத்திவிட்டு, அது சரியில்லை என்று கலைத்து வேறு மாதிரி வைத்தாள். வெயில் முற்றத்துச் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது.

தஹாமியின் அக்கா ஃபத்தூமா, ராத்திரியெல்லாம் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"என்னடி பண்றே இன்னும்?"

"எள்ளுல கல்லு பொறுக்குறேன் அண்ணி."

"உன் புருஷன் கடை எள்ளுல ஏதுடி கல்லு? இருந்திருந்தா அதையும் எடை போட்டு வித்திருப்பான்."

பதூல் சிரித்துவிட்டாள். ஃபத்தூமாவும் சிரித்தாள். எதிர்வீட்டு அண்டா கணீரென்று ஒலித்தது. இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"வெங்காயம் வதங்குற வாசனையே இன்னும் வரலியேன்னு கேக்குறான்," என்றாள் ஃபத்தூமா.

"எல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான் பத்தவைப்பேன். உங்களுக்குத் தெரியாததா."

ஃபத்தூமா மேடையைப் பார்த்தாள். பதினொரு கிண்ணங்கள். கிண்ணத்துக்குக் கிண்ணம் விரல்கடை இடைவெளி.

"நான் கிழவிதான்டி. ஆனா முட்டாளில்ல. அவன் வாயத் தொறந்து கேட்டுட்டான். குடுத்துடு."

"குடுத்தா?"

ஃபத்தூமா மேடையில் சிந்திய எள்ளை விரல் நுனியால் ஒற்றியெடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதூல் எள்ளை இன்னொரு முறை முறத்தில் கொட்டினாள்.

"பதூல்." உள்ளறையிலிருந்து குரல் வந்தது. காலையில் கேட்ட கடைக்குரல் இல்லை. "பசிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். கடையில் ஆள் நின்றால் மத்தியானச் சாப்பாட்டை ராத்திரிக்குத் தள்ளுகிற மனிதர். அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை.

முறத்தை அப்படியே வைத்தாள். சட்டியைத் தூக்கி அடுப்பில் ஏற்றினாள். எண்ணெயைக் கிண்ணத்தோடு கவிழ்த்தாள். "இதோ, இதோ ஆயிடுச்சுங்க," என்று உரக்கச் சொன்னாள். சிலிண்டரைத் திறந்துவிட்டு தீக்குச்சியை உரசினாள். ஈரக்கையில் அது நமுத்து முறிந்தது. கையைப் பாவாடையில் துடைத்து இன்னொன்றை உரசினாள். பிடித்துக்கொண்டது.

சமையலறை வாசலில் ஃபத்தூமா நின்றிருந்தாள்.

பக்கத்தில் வந்து, பதூலின் விரலிடுக்கிலிருந்து குச்சியை வாங்கி, ஊதி அணைத்தாள். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து சிலிண்டரை மூடினாள்.

"பசிக்குதுன்னாரே அண்ணி. இப்பத்தானே சொன்னாரு."

"சொன்னான்," என்றாள் ஃபத்தூமா.

பிறகு பெண்கள் வந்தார்கள். அழுகை எழுந்து, சந்து முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கொஞ்சம் அடங்கியபோது மன்னானா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். வருகிறவர்களுக்குச் சோறு போடவேண்டும். எடுத்து வைத்த கறி வெயிலில் கெட்டுவிடும். அவள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. பதூல் முதல் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"வெங்காயம். பொன்னிறமா வந்தப்புறம்தான் கறியப் போடணும்."

"சரி லல்லா," என்று மரியாதையோடு வாங்கிக்கொண்டாள் மன்னானா.

"குங்குமப்பூத் தண்ணிய அடியோட ஊத்தணும். அத்திப்பழம் கடைசியில. கரைய விட்டுடாதீங்க."

"விடமாட்டோம் லல்லா."

கிண்ணங்கள் கைமாறிக் கைமாறி எதிர்வீட்டுக்குப் போயின. எண்ணெய் ஊற்றிய சட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போனார்கள். மேடையில் பதினொரு ஈர வட்டங்கள் மிஞ்சின. பதூல் துடைக்கத் துணியை எடுத்தாள். எடுத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஓரத்து வட்டம் காய்ந்து மறைவதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அதற்கடுத்தது.