காய்ச்சல் உட்டுருச்சா கண்ணு

என்னைய யாராவது திட்டினா பரவால்லீங்க, தாங்கிக்குவேன். வாய்க்கு வாய் பேசியே பழகின பொம்பளை நான். ஆனா நான் சமையல் வேலை பாக்கற காளப்பநாயக்கன்பட்டி முதியோர் இல்லத்துல சென்றாயன் அப்புச்சி தினமும் காலைல கேட்ட ஒரு கேள்விய மட்டும் என்னால தாங்க முடியல.

அவரு பேளுக்குறிச்சி சந்தையில நாப்பது வருசம் டீக்கடை போட்டவரு. இல்லத்துல இருக்கற பதினெட்டுப் பேருல யாருக்குச் சக்கரை வேணும், யாருக்குக் கூடாது, யாருக்குப் பால் ஒத்துக்காதுன்னு சமையக்கட்டு வாசல்ல நின்னு மடமடன்னு சொல்லுவாரு. ஒரு நாளும் தப்புனதில்ல. கண்ணாயி, நீ பேசற பேச்சுக்கு உனக்குத்தான் சக்கரை ரெண்டு கரண்டி சேத்துப் போடோணும்னு என்னையக் கிண்டல் பண்ணுவாரு.

போன ஆவணியில எனக்குக் காய்ச்சல். முந்தின நாள்தான் மேனேஜரம்மா என்னைய, லீவு போடறதுக்குன்னே பொறந்தவள்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டா. இவகிட்டப் போய் லீவு கேக்கறதான்னு எனக்கு வீம்பு. இல்லத்து வாசல் கேட்டுல நெத்திக்கு நேரா கருவிய நீட்டிக் காய்ச்சல் பாப்பாங்க. ஊட்டுலயே மாத்திரை ஒண்ண முழுங்கி, உடம்பு ஆறினப்பறம் போய் நின்னேன். உள்ள உட்டுட்டாங்க. அப்புச்சி ஒருத்தருதான் என் மூஞ்சியப் பாத்ததும் கண்டுபுடிச்சாரு. சுக்குக் காப்பி போடச் சொல்லி, பக்கத்துல உக்காந்து குடிக்க வச்சாரு. யாருகிட்டயும் சொல்லிராதீங்கன்னேன். தலையாட்டினாரு.

நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல், அப்புறம் இன்னும் ஆறு பேருக்கு. கொரோனான்னாங்க. உசுருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா எந்திரிச்சு வந்த அப்புச்சி வேற ஆளு. டீக் கணக்குப் போச்சு. பெத்த மக பேரு போச்சு. சமையக்கட்டு வாசல்ல வாயத் தொறந்துட்டு, ஒண்ணும் வராம நிப்பாரு. என்னையப் பாத்தா மட்டும், "காய்ச்சல் உட்டுருச்சா கண்ணு?"ன்னு கேப்பாரு. உளறறாருன்னு எல்லாரும் சிரிப்பாங்க. பாவி, நானும் சேந்து சிரிச்சேன்.

நேத்து அவரு மக சுகுணா வந்திருந்தாங்க. புத்தி தடுமாறினவங்களுக்குப் பின்கட்டுல பூட்டுப் போட்ட ரூம் ஒண்ணு இருக்குது; அங்க அப்புச்சிய மாத்தறதுக்கு மேனேஜரம்மா அவங்ககிட்டக் கையெழுத்துக் கேட்டா. வயசாச்சு, இனி நெனப்புத் திரும்பாதுன்னா. வந்திருந்த டாக்டரு ஒத்துக்கல. காய்ச்சலால வந்த மறதின்னா, பேச்சுக் குடுத்துப் பழக்கினாக் கொஞ்சம் தேற வழி இருக்கு, பூட்டி வச்சா இருக்கறதும் போயிரும்னாரு. எப்ப இருந்து இப்படின்னு கேட்டாரு. ரொம்ப நாளாவே அப்படித்தான்னா மேனேஜரம்மா. இவளுக்குக் காய்ச்சல்னு தினமும் உளறறாரே, அது ஒண்ணு போதாதுங்களான்னு என்னையக் காட்டினா.

சுகுணா பேனாவ எடுத்தாங்க. சொன்னா வேலை போகும், ஊரே காறித் துப்பும்.

"அது உளறல் இல்லீங்க," ன்னேன். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்தான். மறைச்சுட்டு வந்தேன். அவருக்குத் தெரியும். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

சுகுணா பேனாவ மூடி வச்சாங்க. என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பா துணிமணிய எடுத்து வைங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மேனேஜரம்மாகிட்டச் சொன்னாங்க.

ஆட்டோவுல ஏறப்போன அப்புச்சி என்னையப் பாத்து நின்னாரு. அதே கேள்வி. இத்தன நாளும் உட்டுருச்சுங்கன்னு சிரிச்சு மழுப்புனவ, நேத்துத்தான் இல்லீங்க, இன்னும் உடலீங்கன்னு சொன்னேன்.

அவரு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "அப்ப ஊட்டுக்குப் போயிரு சாமி," ன்னாரு. "இங்க எல்லாம் வயசானவங்க இருக்கறாங்க."