ஸ்பூன் படம்

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் உடலில் கால் கட்டைவிரல்களைக் கட்டுவதற்குத் துணி கிழித்துக்கொண்டிருந்த ஹம்சாவை அம்மா சமையலறைக்குள் இழுத்தாள்.

"நான்தான்டீ கொன்னுட்டேன்."

"என்னம்மா உளர்றே?"

"வயித்துல ஆபரேஷன் ஆனவர். வாயில எதுவும் குடுக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நேத்திக்குக் கார்த்தால நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டார். மனசு கேக்கலை, ரெண்டு மூணு ஸ்பூன் ஜலம் விட்டேன். மத்தியானம் போயிட்டார்."

ஹம்சா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் நர்சிங் படிப்பவள். ஹிந்தியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத நோயாளிகளின் வீட்டார் வார்டில் செய்யும் தவறுகளைப் பார்த்துவிட்டு, அவளும் வகுப்புத் தோழி மேதாவும் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று படத்தால் காட்டும் பலகையைக் கட்டிலுக்குக் கட்டில் மாட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நோயாளிகள் பாதுகாப்புக்கான மாணவர் நிதியிலிருந்து ஒரே ஒரு வார்டுக்குப் பணம் வந்தது. "சினிமா போஸ்டர் ஒட்டறதுக்கெல்லாம் காலேஜ்ல பணம் தராளா?" என்று சிரித்த அப்பா, கடைசியில் அந்த வார்டிலேயே வந்து படுத்தார்.

"போர்டுல என்ன படம் இருந்தது?"

"போர்டை யார் பார்த்தா? அவர் மூஞ்சியைன்னா பார்த்துண்டிருந்தேன்."

வெளியே கல்யாணராமன் சித்தப்பா மயானத்துக்குப் போகும் வேனின் டிரைவரிடம், "ஜல்தி, பையா, ஜல்தி!" என்று ஹிந்தியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். படியேறி வந்த மேதாவை ஹம்சா வழியிலேயே நிறுத்தினாள். நேற்று செய்முறைப் பரீட்சையில் ஹம்சாவின் முறை; வார்டில் டியூட்டியில் இருந்தவள் மேதாதான்.

"அப்பா போர்டுல டம்ளர்மேல கோடு போட்ட படமா?"

"இல்லடீ. ரவுண்ட்ஸ்ல டாக்டர் ஸ்பூன்ல தண்ணி குடுக்கலாம்னார். நான்தான் ஸ்பூன் படத்தை மாட்டினேன்."

"அம்மா குடுத்ததுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். மாமி குடுக்கறச்சே நான் பக்கத்து பெட்டுலதானே இருந்தேன்? தப்புன்னா சும்மா விடுவேனா? அங்கிள் அச்சாவா முழுங்கினார், ஒரு இருமல்கூட இல்லை. மத்தியானம் ஹார்ட் நின்னுபோச்சுடீ. தண்ணியால இல்லை."

ஹம்சா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், பைத்தியம், எழுந்திரு."

அம்மா நம்பவில்லை. "எனக்காகச் சொல்றேளா ரெண்டு பேரும்?"

"போர்டு இன்னும் அங்கேதான் இருக்கு, மாமி. வந்து பாருங்கோ," என்றாள் மேதா.

அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வேன் போனபின் ஹம்சா அம்மா குளிப்பதற்குத் தண்ணீர் பிடித்தாள். கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "கடைசியா என் கையாலதான் ஜலம் குடிச்சார். இன்னும் குடுன்னு கண்ணாலயே கேட்டார்."

வாளி நிறைந்து வழிந்து ஹம்சாவின் பாதங்களை நனைத்தது. அவள் குழாயை மூடாமல் அம்மாவின் குரலையே கேட்டுக்கொண்டு நின்றாள்.