கொட்டாஞ்சேனைக்குப் போகும் தூரம்

பேராசிரியர் சிவபாலனின் புத்தகம் வெளிவந்த கிழமையிலேயே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையிலுள்ள தூரம் கூடத் தொடங்கியது. முதலில் பத்து நிமிஷம்தான். காலி வீதி நெரிசல் என்று சனம் நினைத்தது. கொழும்பில் எதற்கும் அந்தக் காரணம் போதும். பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு அரைநாள். அந்த மாரி மழை விடுவதற்குள் கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்கள் இரண்டு நேரச் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறப் பழகிவிட்டார்கள். டிக்கெட் விலை ஏறவில்லை என்பதால் ஒருவரும் பெரிதாக முறையிடவில்லை.

சிவபாலன் முப்பது வருஷமாக நகரங்களையும் பிரதேசங்களையும் ஆராய்ந்தவர். ஒரு தெருவுக்கு மூன்று வங்கி வருவதும் அடுத்த தெருவுக்கு வடிகான்கூட வராததும் ஏன் என்பதுதான் அவருடைய பாடம். தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பது பிழை, ஓரிடத்துக்கு வேலையும் முதலீடும் போய்ச்சேர எவ்வளவு பாடுபடுகின்றன என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்றார். அந்தக் கணக்கில் கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் நகரத்தை விட்டு வெகுதூரம் விலகிவிட்டன என்று எழுதினார். அளக்கத் தொடங்கும் இடமாகக் கொழும்புக் கோட்டையை வைத்திருந்தால் கொட்டாஞ்சேனை கூப்பிடு தூரம். மனுஷன் அலுப்பில் தன் வெள்ளவத்தை வீட்டு மேசையை வைத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில்தான் அவருடைய ஒரே மகள் தனுஷியா வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது வயிற்றில் ஏழு மாதம். முந்தின வருஷம் ஒரு கரு தங்கவில்லை. புருஷன் ராகுலனுக்குக் கப்பலில் வேலை. தலைப்பிள்ளைக்கு அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர சிவபாலனின் மனைவி ஜெகதீஸ்வரி நாள் பார்த்து வைத்திருந்தார். அன்று விடியப் புறப்பட்ட வான், இருட்டும் வரை ஓடியும் பாதி வழியிலுள்ள கொள்ளுப்பிட்டியைக்கூடக் காணாமல் திரும்பி வந்தது. சிவபாலனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. யாராவது அவருடைய புத்தகத்தை மேற்கோள் காட்டினால் மறுநாளே பாதை நீண்டது. லண்டனில் ஒரு கட்டுரை வந்தபோது இரண்டு மணித்தியாலம். பெரிய அமைப்பொன்றின் அறிக்கை வந்தபோது ஒரு முழுப்பகல்.

அதன் பிறகு பாராட்டி மின்னஞ்சல் வந்தால் அவர் திறக்காமலே அழித்தார். தான் எழுதியது பிழை, கொட்டாஞ்சேனை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அவசரமாக ஒரு மறுப்புக் கட்டுரை எழுதினார். அதை வாசித்தவர் அவருடைய நண்பர் பேராசிரியர் எட்வேட் ஒருவர்தான். என்ன தன்னடக்கம் என்று உருகிப்போன எட்வேட், பழைய புத்தகத்தைப் புகழ்ந்து நாற்பது பக்கம் எழுதிவிட்டார். அதோடு போனிலும் குரல் பிந்தத் தொடங்கியது.

"அம்மா, இடுப்பு நோகுது" என்று தனுஷியா சொன்னது மூன்று நாள் கழித்து வெள்ளவத்தைக்கு வந்துசேர்ந்தது.

"எப்ப துவங்கினது, பிள்ளை?" என்று ஜெகதீஸ்வரி கேட்டார். பதில் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே புருஷனைப் பார்த்தார். "இஞ்சருங்கோ, உங்கட கணக்கில அவள் இப்ப எவ்வளவு தூரம்?"

சிவபாலன் மேசையிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். "நான் எழுதேக்க இவ்வளவு இல்லையப்பா."

"அப்ப வெளிக்கிடுங்கோ. பாத்துக்கொண்டிருந்தா இன்னும் தூரமாப் போயிடும்."

பிள்ளைபெற்றவளுக்குக் கறி வைக்கச் சரக்குத்தூள் ஒரு டின், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி, புட்டுப் பார்சல். இவற்றோடு இருவரும் பஸ் ஏறினார்கள். கொள்ளுப்பிட்டி வருவதற்குள் புட்டு முடிந்தது. புறக்கோட்டை வருவதற்குள் சாரதி ஓய்வுபெற்று வேறொருவர் வந்தார். பின் சீற்றில் ஒரு கல்யாணம் நடந்தது. சிவபாலன் யன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் உயிரோடு இருக்கிறாளோ என்ற கேள்வியை இருவரும் ஒருவரிடம் ஒருவர் கேட்கவில்லை, பயம். தன்னை இனி ஒருவரும் வாசிக்கக்கூடாது, தன் பெயரே உலகத்துக்கு மறந்துபோக வேண்டும் என்று அவர் கதிரேசனைக் கும்பிட்டபடி இருந்தார். பேராசிரியர்கள் வழக்கமாக வைக்கும் வேண்டுதல் இல்லை அது. கடைசியில் வேறு யாரோ ஒரு புதுக் கொள்கையைக் கொண்டுவர, அவருடைய புத்தகம் பழசாகிப்போனது. பஸ் வேகம் பிடித்து, கால் மணித்தியாலத்தில் கொட்டாஞ்சேனையில் நின்றது.

வாசலில் நாலு வயதுப் பெட்டைப்பிள்ளை ஒன்று செருப்பைக் கால்மாறிப் போட்டுக்கொண்டு நின்றது. முகத்தில் தனுஷியாவின் அதே நாடி.

"ஆர் நீங்கள்?"

"வெள்ளவத்தையில இருந்து வாறம், குஞ்சு" என்றார் ஜெகதீஸ்வரி.

"அது தூரமோ?"

தனுஷியா உள்ளேயிருந்து ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் போன் அடித்தது. அவள் போய் எடுத்தாள். மறுமுனையில் பிந்தி வந்த ஜெகதீஸ்வரியின் குரல், பதற்றத்தோடு: "எப்ப துவங்கினது, பிள்ளை?"

தனுஷியா வாசலில் நிற்கும் தாயைப் பார்த்தாள். பிறகு போனுக்குள், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அம்மா. பொம்பிளைப் பிள்ளை. பயப்படாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.